ஆண்டியப்பன் தாடையில் பட்ட பந்து

தயங்கித் தயங்கிப் பேசுகிற என்னையும் நம்பி மேடையேற்றிய தலைவர் ஐயா அவர்களே, இலுப்பூர் இளைஞர் கிரிக்கெட் மன்றத்தைக் கண்ணெனக் காத்துவரும் பெரியோர்களே, வலப்புறம் பொறுமையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, காப்பிக் கடை ரேடியோவுக்கு ஒரு காதும் எனக்கு ஒரு காதுமாக நிற்கிற தம்பிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நடுவில் வழி தவறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே, சொல்லப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. பம்பர், அதாவது குட்டையாகக் குத்தி முகத்துக்கு எழும்பும் பந்து, விதிப்படி குற்றமன்று.
2. பொங்கல் பந்தயத்தில் ஆண்டியப்பனின் தாடை உடைந்ததில், வேடிக்கை பார்த்த நமக்கும் பங்குண்டு.
3. ஆயினும், அந்தப் பந்தைப் போட்ட ஆத்மநாதனை மன்றத்திலிருந்து நீக்கத்தான் வேண்டும்.

முதலாவதை நீட்டவில்லை. மஞ்சுவிரட்டில் கொம்பில்லாத மாட்டையா அவிழ்த்து விடுகிறோம்? ஆபத்து ஆட்டத்தோடு பிறந்தது.

இரண்டாவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. கல்கத்தா டெஸ்ட் நடந்தபோது இதே ரேடியோவின் முன்னால் நின்றோம். மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் வீச வீச, நம்மவர்கள் வீழ வீழ, நாகராசு பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "இது வெளையாட்டா மாப்ளே? மண்டைய ஒடைக்கிறதுக்கு ஒரு ஆட்டமா?"

சவரியப்பன் விட்டாரா? "மட்டைய எதுக்குக் குடுத்திருக்கு, முதுகு சொறியவா? ஏறி அடிக்கணும். குனியவே கூடாது."

"ஆமா, மாடு வருதுன்னதும் மரத்துல ஏறுனவன் சொல்லுறான், கேட்டுக்கங்க" என்றார் நாகராசு.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தோம். பிறகு பொங்கல் வந்தது. மன்றத்துக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். ஆண்டியப்பன் அசையாமல் நின்று ஆடினார். அப்போது எல்லைக் கோட்டில் எழுந்த குரல் யாருடையது? "மூஞ்சியப் பாத்துப் போடுறா ஆத்மநாதா, கல்கத்தாவுல போட்டானுகள்ல!" அது நம் நாகராசுவின் குரல். "குனியாத ஆண்டியப்பா, குனிஞ்சா சேலையக் கட்டிக்க!" அது நம் சவரியப்பனின் குரல். அவர்கள் இருவர் மட்டுமா? ஊரே அல்லவா கத்தியது? ஒருவனைப் போடச் சொன்னோம், ஒருவனைக் குனியாதே என்றோம். அவன் போட்டான். இவர் குனியவில்லை.

அந்நியன் வீசினால் அநியாயம், அடுத்த வீட்டுப் பிள்ளை வீசினால் அழகா? கல்கத்தாவில் கொலை என்றது, இலுப்பூரில் வீரமாகிவிடுமா? இப்படிப்பட்ட நாம் யாருக்கு நியாயம் சொல்லப் போகிறோம்?

அங்கே என்ன கூச்சல்? சென்னை டெஸ்டில் நம்மவர் இன்னொருவரும் அவுட்டா? ஆகட்டும் தம்பி, அதில் இனி எனக்கு வியப்பில்லை.

மூன்றாவதாக, ஆத்மநாதனை நீக்கவேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவரையாவது தண்டித்தால்தான் மற்றவருக்கு...

என்னம்மா? ஆண்டியப்பனின் மனைவி ராசாத்தி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எங்க வீட்டுக்காரருக்கு வாயக் கட்டிப் போட்டிருக்காக. கஞ்சித் தண்ணி மட்டுந்தான் எறங்குது. புதுக்கோட்டை ஆசுபத்திரிக்குத் தெனமும் பஸ்ஸுல வந்து அத ஊத்தி விடுறது பந்தப் போட்ட அந்தத் தம்பிதான். கத்துனவுக ஒருத்தரும் அங்கிட்டு எட்டிப் பாக்கல. அவன வெரட்டிட்டா ஞாயம் தீந்துச்சுன்னு நீங்கள்லாம் நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீகளா?"

சபையோரே, கேட்டீர்களா? ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

இரண்டாவதை நான் உண்மையாக நம்பியிருந்தால், மூன்றாவது என் மனத்தில் தோன்றியிருக்கவே கூடாது. நாம் அத்தனை பேரும் சேர்ந்து செய்ததை ஓர் இளைஞன் தலையில் ஏற்றி மன்றத்தைவிட்டு அனுப்பப் பார்த்தேன். மூன்றாவதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறெதை வைப்பதென்றும் எனக்குத் தெரியவில்லை. தாடையைச் சேர்த்துக் கட்ட மருத்துவர் இருக்கிறார், இந்த ஊரை எதைக் கொண்டு கட்டுவது?

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், என்னை இடைமறித்த ராசாத்தி அம்மாவுக்கும் நன்றி கூறி, உங்கள் அனைவரையும் வணங்கி, என் மூன்றாவது கருத்து தவறு என்பதை ஒப்புக்கொண்டு அமர்கிறேன்.