மச்சானுக்குக் கொடுத்த சர்க்கரை

வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொன்னால் பத்துப் பேரில் நாலு பேர் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள். கேட்டால், "அரை கிளாஸ்தான் குடிச்சேன்" என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன் ஐயா. எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர் நாலு வருடம் இருந்தார். அது பெரிய விஷயமில்லை. சாப்பாடு ஒரு நிமிடம் தாமதமானால் தங்கையை வாய்க்கு வந்தபடி திட்டித் தட்டைத் தள்ளிவிடுவார். அவள் குனிந்து தரையைத் துடைப்பாள். எனக்குச் சண்டை போட வராது. ரத்தம் எடுக்கத்தான் வரும்.

வயதாகிறதே என்று ஒருநாள் எடுத்தேன். சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. கல்லீரல், கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் கல்லூரிக்குப் போகிறவனுக்கு இருப்பது போல இருந்தன. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நல்ல உடம்பு இந்த ஆளிடம் வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை. தொண்ணூற்றிரண்டுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தேன். மற்ற இரண்டு எண்களும் அவருடையவைதான்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரே வாரத்தில் மச்சான் ஆளே மாறிவிட்டார். விடிந்ததும் பூங்காவில் நடை. தட்டில் எதைப் போட்டாலும் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒருநாள் தங்கையைக் கூப்பிட்டு, "உன்னை ரொம்பப் படுத்திட்டேம்மா. மனசுல வச்சுக்காதே" என்றார். அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு வியாதி ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நல்லது செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதனை. ஒழுங்காக நடந்துகொண்டால் குறைத்துப் போடுவேன். குரல் உயர்ந்தால் நாற்பது கூட்டுவேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். டாக்டரும் நானும் சேர்ந்துதான் அவரைத் திருத்தினோம். டாக்டருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நல்லதை வீட்டோடு நிறுத்திக்கொள்வது சுயநலம் இல்லையா? லேப் முதலாளி எங்களை நிற்கவைத்துக் கத்துவார். அவருக்கு யூரிக் அமிலம் கொடுத்தேன். இரண்டாம் நாளே கால் கட்டைவிரல் வலிக்கிறது என்று நொண்ட ஆரம்பித்தார். இல்லாத அமிலத்துக்கு அத்தனை நேர்மையாக நொண்டினார். எதிர்வீட்டு அம்மாள் எல்லார் வீட்டு விஷயத்தையும் தெருவில் பேசுவார். அவருக்குத் தைராய்டு. கழுத்து சம்பந்தப்பட்டது என்றதும் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. யாருக்கும் ஒரு கோளாறுக்கு மேல் நான் கொடுத்ததில்லை. எதிலும் அளவு வேண்டும்.

பிறகு ஒருநாள் டிவி ரிமோட்டுக்காக மச்சான் தங்கையிடம் எரிந்து விழுந்தார். நான் எண்ணைக் கூட்டினேன். டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் நடக்கப் போனவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் இறங்கிவிட்டது என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்தது.

"நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லலேன்னா அண்ணன் இத்தனை நாள்கூட இருந்திருக்க மாட்டார்" என்றாள் என் மனைவி.

இருக்கலாம் என்றேன்.

அதற்கப்புறம்தான் அவளுக்குக் கணுக்கால் வீங்கியது. ரத்தம் எடுத்தேன். கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு; சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் பெரும்பாலும் ஒன்றை ஒட்டியே இருக்கும். அவளுக்கு மூன்று புள்ளி ஆறு. எந்திரத்தில் ஏதோ தவறு என்று மறுபடியும் ஓட்டினேன். அதே எண். யாரையும் ஒரு சொல் சொல்லாதவள், ஐயா. அவளுக்கு எதற்குச் சிறுநீரகக் கோளாறு? திருத்திக்கொள்ள அவளிடம் என்ன இருக்கிறது?

அன்றைக்கே மாடிவீட்டு வாத்தியாரின் ரத்தமும் வந்திருந்தது. அவர் எந்நேரமும் எங்கள் தலைக்கு மேல் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பவர். அவருடைய சிறுநீரகம் கண்ணாடி மாதிரி இருந்தது. இந்த முறை நான் எந்த எண்ணையும் தொடவில்லை. இரண்டு தாள்களிலும் பெயரை மட்டும் மாற்றினேன். எந்திரம் கொடுத்ததைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. யாருக்காவது போய்ச் சேரவேண்டும் அல்லவா?

அவள் கேட்டாள். "என்னங்க, கால் இப்படி வீங்குதே, ஒண்ணும் இல்லைதானே?"

"நீயே பாரு. எல்லாம் நார்மல்."

"அப்பச் சரி. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

ஒன்பது மாதம் நிம்மதியாக இருந்தாள். வாந்தி வந்தது, உடம்பெல்லாம் அரித்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆனால் பயமில்லாமல் இருந்தாள். செருப்பைத்தான் ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு அளவு.

மாடியில் வாத்தியார் ஒன்பது மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டார். நாற்காலிச் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் மனிதருக்குப் பொறுமை இல்லை. பெரிய சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் அருமையாக இருக்கின்றன என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததும் நேரே இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

அதே வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர்கள் ரத்தத்தை அதே புது லேபுக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று முடிவு வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அவள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "அதெல்லாம் இருக்காது டாக்டர், எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டார்" என்றாள். அஞ்சாவது நாள் போய்ச் சேர்ந்தாள்.

மச்சான், முதலாளி, எதிர்வீட்டு அம்மாள், வாத்தியார், இந்த நாலு பேருக்கும் செய்தது நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். மச்சான் உயிர் போனதும் என்னால்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியை மட்டும் அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவளுடைய ரிப்போர்ட் என் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு குறையும் கிடையாது. வாத்தியாருடைய ரத்தமும் அவளுடைய ரத்தமும் ஒரே வாரத்தில் அந்தப் புது லேபுக்குப் போயிருக்கின்றன. இரண்டையும் மாற்றிவிட்டார்கள். போய் விசாரியுங்கள். ஒரு பெயர் மாறினால் ஒரு உயிர் போகும் என்று தெரியாத ஆட்களை எப்படி ஐயா இந்த வேலைக்கு வைக்கிறார்கள்?