அக்காவின் தட்டிலிருந்து எடுத்தவை

உங்கள் அறை டியூப்லைட் இப்படி மினுக்குவதற்குக் காரணம் ஸ்டார்ட்டர்தான் ஐயா, சோக் இல்லை. யாராவது சோக்கை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள், தண்டச்செலவு. எலெக்ட்ரீஷியன் புத்தி, எந்த அறைக்குள் போனாலும் கண் முதலில் மேலேதான் போகிறது. சரி, அதை விடுங்கள். அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "உன்னை ஒருத்தனைச் சமாளிக்கறதே பெரும்பாடா இருக்கு, இதுல இன்னொருத்தன் வேறயா" என்பாள். துணிக்கடை ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு வருகிறவர்கள் துணி எடுக்க வருகிறார்களா, அவளிடம் வாய் கொடுக்க வருகிறார்களா என்று முதலாளிக்கே சந்தேகம் இருந்தது.

முதலில் தலைவலி வந்தது. பிறகு விரல் மூட்டுகளில் வலி, வயிற்று உப்புசம், காலையில் எழும்போதே அடித்துப் போட்டது போல அசதி. நாங்கள் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. ரத்தம், ஸ்கேன், எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசை லேசா வச்சுக்குங்க, போதும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வலிக்குதுன்னு சொல்றேன், ஒண்ணும் இல்லைங்கறாங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்றாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அவளை வண்டியில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

அப்புறம் ஒரு மண்டபத்தில் வேலை. மைக் லைனைச் சரிபார்க்க ஏணியில் நின்றிருந்தேன். மேடையில் ஒரு டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். சிலருக்குச் சில உணவு ஒத்துக்கொள்ளாது, ஆனால் உடனே தடிப்போ மூச்சுத்திணறலோ வராது, இரண்டு மூன்று நாள் கழித்துத் தலைவலியாக, மூட்டுவலியாக, அசதியாக வரலாம், அதனால் எது காரணம் என்று யாருக்கும் தோன்றாது, இப்படிச் சிலர் கருதுகிறார்கள் என்றார். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அதற்குள் ஜெனரேட்டரைப் பார்க்கச் சொல்லி என்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேச்சில் அவர் என்ன சொன்னார் என்று விசாரித்து நேற்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இது இன்னும் நிச்சயமாகவில்லை, டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள் என்றாராம். சொல்லியிருப்பார். நான் கேட்டது முன்பாதி.

ஒரு வீட்டில் அடிக்கடி டிரிப் ஆகிக் கரண்ட் போனால் நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்ப்போம். எதைப் பிரித்ததும் டிரிப் ஆவது நிற்கிறதோ, கோளாறு அதில் இருக்கிறது. அதைத்தான் செய்தேன். முதலில் பாலை நிறுத்தினேன். அக்காவுக்கு டீ என்றால் உயிர். "டீயிலயும் கையை வச்சிட்டியா, படுபாவி" என்று சிரித்தாள். சிரித்தாலும் கேட்டாள். அவள் வலியை நம்பிய ஒரே ஆள் நான்தானே. நாலைந்து நாள் தலைவலி வரவில்லை. இரண்டு பேரும் சினிமாவுக்குப் போய் வந்தோம். பிறகு வலி மறுபடி வந்தது. முட்டையை எடுத்தேன். கோதுமையை எடுத்தேன். உருளைக்கிழங்கு, தக்காளி, மீன், பருப்பு.

பிரித்த லைனைத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் தொழில்முறை. அதை நான் செய்யவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு வலித்தால் அது இன்றைய சாப்பாட்டின் வேலை இல்லை. நேற்றையதாக இருக்கலாம், முந்தாநாளையதாக இருக்கலாம். பாலைத் திரும்பக் கொடுத்து, அன்றைக்கே வலி வந்தால், நான் யாரைப் பிடிப்பது? தட்டில் இருந்த எதையும் குற்றமற்றது என்று விட முடியவில்லை. எடுத்ததை எடுத்தபடியே வைத்துவிட்டேன்.

அக்கா இளைத்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டாள். அதெல்லாம் பழைய சாப்பாடு உடம்பைவிட்டுப் போகிற அறிகுறி என்று அவளிடம் சொன்னேன். "எல்லாமே போற அறிகுறிதான்டா" என்றாள். அப்போதும் கிண்டல்தான்.

ஒருநாள் அவள் போர்வையை உதறியபோது ரொட்டித் துகள் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறார். நான் சத்தம் போடவில்லை. ஏன் அக்கா என்றுதான் கேட்டேன். "பசிக்குதுடா. வேற ஒண்ணும் இல்ல, பசி" என்றாள். அத்தனை நாள் பாடுபட்டது ஒரு ரொட்டியில் வீணாகிப்போனது. யாராக இருந்தாலும் மனசு விட்டுப்போகும். மறுநாள் ஜன்னலை ஆணி அறைந்து மூடினேன். அதிலிருந்து வேலைக்குப் போகும்போது சமையலறைக்கு ஒரு பூட்டும் வாசலுக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

தையல்காரம்மா என்னை வாசலிலேயே மறித்தார். "என்ன தம்பி, அக்கா சத்தமே காணோம்? நல்லா இருக்காங்கதானே?" என்றார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். பொய்தான். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் இல்லை அவர். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது போல இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். உண்மைதான். லேசாகத் தட்டினாள், எனக்கும் கேட்டது. தெருவில் போகிற லாரி மேல் பழியைப் போட்டு அவரை அனுப்பி வைத்தேன்.

கடைசியில் மிஞ்சியது அரிசிக் கஞ்சி மட்டும். அதைக் குடித்தும் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றாள். ஆக, அரிசியும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரை மட்டும் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். நான் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன் ஐயா. கடையில் சாப்பிட்டுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். வாசனை அவளைப் படுத்தக்கூடாது பாருங்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை, ஆனாலும் நான் விடுவித்துக்கொள்ளவில்லை. "டேய், எனக்குத் தலைவலி போயிடுச்சுடா. சத்தியமா. மூட்டு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாயிட்டேன். ஒரு வாய் கஞ்சி குடு" என்றாள். பசியில் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளும் இப்படித்தான், நான் எவ்வளவு அழுதாலும் மருந்தை ஊற்றாமல் விடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக் கொடுத்தேன். "இன்னும் மூணே நாள் அக்கா. பழசெல்லாம் சுத்தமா வெளிய போயிடும். அப்புறம் ஒவ்வொண்ணா நானே ஊட்டிவிடறேன்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் இளகினால் யார் அவளைக் காப்பாற்றுவது?

ஆமாம் ஐயா. கதவைப் பூட்டியது நான். சாப்பாட்டை நிறுத்தியது நான். பட்டினி போட்டுக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். நான் மூன்று நாள்தான் கேட்டேன். அக்காதான் இரண்டாம் நாளே அவசரப்பட்டுவிட்டாள்.