கை நனைக்கிறதுக்கு முன்னாடி

தெரியும்ணே. சம்பந்தம் முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டீங்க. நம்ம பக்கத்து வழக்கம் தானே. தண்ணி அப்படியே இருக்கட்டும். கீழ்பென்னாத்தூர்ல இருந்து வண்டியில வந்திருக்கீங்க, வெயில் வேற ஜாஸ்தி.

இந்த வீட்டுல ரொம்ப வருஷமா யாரும் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அதுக்குக் காரணம் வேற. தட்டு மாத்துறதுக்கு முன்னாடி அதைச் சொல்லிடணும். கேட்டுட்டு சம்பந்தம் வேணுமா வேணாமான்னு சொல்லுங்க.

என் சம்சாரம் சந்திரம்மாள் எய்ட்ஸ்ல தான் போனா.

உட்காருங்கண்ணே. இல்ல, எனக்கு இல்ல. டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, தெருவுல தான் ஒருத்தரும் நம்பல. பிரசவத்துல அவளுக்கு ரத்தம் ஏத்துனாங்க, அதுல வந்துச்சு. தாய்ப்பால்ல குழந்தைக்கும். ஆமா, கவிநிலாவுக்கும் இருக்கு. தினம் மாத்திரை போடுறா, வேலைக்குப் போறா, நல்லா இருக்கா.

கெட்ட வியாதியா? அதுவும் ஒரு பேரு தான். எனக்கு யாரும் விளக்கிச் சொல்லல, நானா எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அமெரிக்காவுல முதல்ல, ஆம்பளைங்களோட பழகுற ஆம்பளைங்க வியாதின்னு பேர் வச்சாங்க. ரத்தம் ஏத்துனவங்களுக்கும் வந்துச்சு, அப்புறம் தான் எய்ட்ஸ்னு மாத்துனாங்க. கிருமிக்குப் பிரான்ஸ்காரன் ஒரு பேர் வச்சான், அமெரிக்காக்காரன் ஒண்ணு வச்சான். யார் முதல்ல கண்டுபிடிச்சதுன்னு சண்டை. எச்.ஐ.வின்னு ஒரே பேருக்கு வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சு. ஜனங்க பாட்டுக்குச் செத்துட்டிருந்தாங்க.

அந்த ஒரே பேர் வந்த வருஷம் தான் மெட்ராஸ்ல படிச்சிட்டிருந்த ஒரு டாக்டரம்மா, தொழில் பண்றாங்கன்னு போலீஸ் புடிச்சு அடைச்சு வச்சிருந்த பொம்பளைங்களோட ரத்தத்தை எடுத்துக்கிட்டு ரயிலேறி நம்ம வேலூருக்குப் போனாங்க. இந்த நாட்டுல இது இருக்குன்னு அங்க தான் தெரிஞ்சுது. உடனே அந்த மாதிரி பொம்பளைங்க வியாதின்னாங்க. அப்புறம் லாரிக்காரன் வியாதி. எங்க தெருவுல என் பேரையே வச்சு, பலராமன் வீட்டு வியாதி. நமக்கு வந்திருக்குன்னு எந்த ஊர்லயும் யாரும் சொல்லல பாருங்க.

அவளைக் குளிப்பாட்டக் கூட ஆள் வரல. நானே குளிப்பாட்டினேன். மறு வருஷம் மாத்திரை இலவசமா வந்துச்சு.

கிளம்புறீங்களா. சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, கவிநிலாவை எங்க பார்த்ததா உங்க பையன் இளவரசன் உங்ககிட்ட சொன்னான்? கிரிவலத்துலயா. ம்.

மாத்திரை வாங்குற இடத்துலண்ணே. அவ வாங்க வந்தா. அவனும் வாங்கத் தான் வந்தான்.

எப்படி வந்துச்சுன்னு நான் கேட்கல. நீங்களும் இன்னைக்குக் கேட்காதீங்க. அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல, நீங்களே சொல்லிடுங்கன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டான். அதான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன்.

வாசல்ல வண்டி மேல உட்கார்ந்து இங்கயே பார்த்துட்டிருக்கான். கூப்பிடுறேன். எதுவும் பேச வேணாம். இந்த டம்ளரை அவன்கிட்ட குடுங்க. அவன் வாய் வச்சுக் குடிச்சதும் மிச்சத்தை வாங்கி நீங்க குடிங்க.

கல்யாணம் உங்க இஷ்டம்ணே. அந்தத் தண்ணி குடிச்சதைக் கை நனைச்சதா நான் எடுத்துக்க மாட்டேன்.