தொண்டைப் பாறைக் குருசடி

புனித நிக்கோலாஸ் மேல் ஆணையாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கடல் மே மாதத்திலேயே குளிக்கப் பதமாகிவிட்டது. பயணிகளும் சீக்கிரமே வந்து இறங்கிவிட்டார்கள். எல்லாம் அதிலிருந்து வந்த வினைதான்.

என் நீலப் படகு இந்தத் தீவுக்கே தெரியும். கூழாங்கல் கடற்கரைக்குப் போக அதைவிட்டால் வேறு வழி இருந்ததில்லை. கூட்டிப்போய், ஆக்டோபஸ் சுட்டுக்கொடுத்து, ஒரு கிளாஸ் ஊசோ சாராயம் ஊற்றி, மேலே இருக்கும் கல்தொட்டியைக் காட்டுவேன். நாடு கடத்தப்பட்ட பைசாந்திய ராணி ஒருத்தி கழுதைப் பாலில் குளித்த தொட்டி. கல்லைத் தொட்டால் பாலின் கொழுப்பு இன்றைக்கும் கையில் ஒட்டும் என்பேன். தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டும். விடிந்ததும் போய்க் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் தடவிவிட்டு வருவது என் வழக்கம்.

ஸ்தமாத்திஸ் என் பால்ய சிநேகிதன், ஓய்வுபெற்ற வாத்தியார். குளிர்காலம் முழுக்க முட்புதர் வெட்டி, பாறைகளில் சிவப்புப் புள்ளி வைத்து, மலை வழியாக அந்தக் கடற்கரைக்கு ஒரு நடைபாதை போட்டான். பாதை ஓரிடத்தில் ஆள் அகலத்துக்குக் குறுகும். தொண்டை என்போம். கீழே நேராகக் கடல். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கயிறும் கட்டினான். நல்ல கயிறுதான், குறை சொல்ல மாட்டேன்.

படகுக்கு ஆள் குறைந்ததைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தான். நான் ராணி கதையின் நடுவில் இருந்தேன்.

"டேய் அனார்கிரோஸ், உன் தாத்தன் ஆடு கழுவுன தொட்டிடா இது! ஏன்டா இவங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

"தாத்தா பின்னால வந்தவர். ராணி முன்னால."

"எந்த ஆட்டுக்கு முன்னாலடா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு டச்சுக்காரி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் படகில் ஏறியவர்கள்கூட, "ஆட்டுத்தொட்டி எங்கே?" என்றுதான் கேட்டார்கள்.

அவன் வீட்டுக்கே போனேன். "பாதைய நீயே வச்சுக்க. ராணிய மட்டும் எனக்கு விட்டுடு" என்றேன்.

"உள்ளதச் சொல்ல உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? போடா, போய்ப் படகுக்குச் சாயம் அடி."

நான் யாரையும் தொடவில்லை ஐயா. ஒரு குருசடி வைத்தேன். தகரத்தில் சின்ன வீடு, உள்ளே நிக்கோலாஸ் படம், ஒரு எண்ணெய் விளக்கு. எந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது? தொண்டையின் திருப்பத்தில், திரும்பினதும் முகத்தில் அறைகிற மாதிரி வைத்தேன். அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரன் குருசடியைப் பார்த்தால் வலது கை தானாக எழும்பிவிடும். பஸ் ஓட்டுகிற ஃபோட்டிஸ் கோவில் வளைவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மூன்று தடவை சிலுவை போடுகிறான். அந்த நேரத்தில் பஸ்ஸை யார் ஓட்டுகிறார் என்று நீங்கள் விசாரித்ததுண்டா? வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வலது கையால் கயிற்றைப் பிடித்தபடியே, "அழகாக இருக்கிறதே" என்று சொல்லிக் கடந்துபோனார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதையும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கயிறு தளர்ந்து கிடக்கிறது என்று சொல்லி அவனைக் கூட்டிப்போனேன். அவன் முன்னால், நான் பின்னால்.

"ஏன்டா முதுகுல ஒட்டிக்கிட்டே வர்ற? மூச்சு சுடுது, தள்ளி வா."

திருப்பத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்தான். கயிற்றை விட்டான். நெற்றி, வயிறு, வலது தோள். கை இடது தோளுக்கு வருவதற்குள் அவன் இல்லை. பக்தியோடு போனான். அப்படி ஒரு சாவு எனக்கு வாய்க்குமா, தெரியாது.

அவன் விழவேண்டும் என்றுதான் வைத்தேன். மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. ராணி தன் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். நேற்றுகூட நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். கொலை என்று எழுதுவதானால் நிக்கோலாஸையும் சேர்த்துப் பிடியுங்கள். அவனைத் தள்ளியது அவனுடைய பக்திதான்.

அடக்கத்துக்கு ஏன் பாதிரியார் வரவில்லை என்று கேட்டீர்கள். ஸ்தமாத்திஸ் சுத்த நாத்திகன். பெற்ற தாயின் சவப்பெட்டிக்கு முன்னால்கூட அவன் கை எழும்பியதில்லை.