நான் நீக்கிய இரண்டு 'உம்'

கூட்டத்தைக் கூட்டியதோடு குறித்த நேரத்தில் தொடங்கியும் வைத்த தலைவர் அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடித்த களைப்பை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

தலைவர் என்னை 'மொழிப் புலமை மிக்கவர்' என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் புலமையால்தான் ஒரு மனிதர் சிறையில் செத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முப்பத்தோராண்டுகள் சட்டத்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். மேலிருந்து வரும் வரைவைப் பிழைதிருத்திச் செம்மைப்படி எடுப்பது என் வேலை. ஒற்று மிகுந்தாலும் விடமாட்டேன், மிகாவிட்டாலும் விடமாட்டேன். ஆபீசில் எனக்குப் பெயரே 'சந்திப்பிழை'. நான் வருவது தெரிந்தால் காகிதத்தை ஒளித்துவைப்பார்கள். சிரியுங்கள், அன்று நானும் பெருமையாகச் சிரித்தவன்தான்.

எட்டாண்டுகளுக்கு முன் சிறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய சட்டத்தில் ஒரு வரி: 'அறுபது வயது கடந்தவர்களும் தீராநோய் உற்றவர்களும் முன்கூட்டியே விடுவிக்கப்படலாம்.' வயதானவருக்கு ஒரு வாசல், நோயாளிக்கு ஒரு வாசல். என் கண்ணில் என்ன பட்டது? 'உம்', 'உம்' என்று இரண்டு முறை வருகிறதே, இழுவையாக இருக்கிறதே என்று பட்டது! இறுக்கினேன். 'அறுபது வயது கடந்த, தீராநோய் உற்ற கைதிகள் முன்கூட்டியே விடுவிக்கப்படலாம்.' அழகாக இருந்தது ஐயா, நானே மெச்சிக்கொண்டேன். இனிமேல் வயதும் ஆகியிருக்க வேண்டும், நோயும் வந்திருக்க வேண்டும் என்று பொருள் மாறியது எனக்கு உறைக்கவே இல்லை. மேலே மூன்று பேர் கையெழுத்திட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. படித்தவன் நான் ஒருவன், எனக்கு ஓசை மட்டும்தான் கேட்டது.

ஓய்வு பெற்றேன். சென்ற மாதம் ஒரு பெண் வந்தாள், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அப்பா வெல்டர். பட்டறைத் தகராறில் இரும்புக் கம்பியை வீசி, கூட வேலை செய்தவர் உயிரை எடுத்தவர். பதின்மூன்றாண்டுகளாக உள்ளே இருக்கிறார். கல்லீரலில் புற்று, இன்னும் சில வாரங்கள் என்கிறார் மருத்துவர். ஆனால் வயது ஐம்பத்து மூன்று. மனு திரும்பிவிட்டது. பழைய வரியையும் புதிய வரியையும் என் முன் வைத்து அந்தப் பெண் கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணுதானே சார்? அப்புறம் ஏன் அப்பாவை விடமாட்டேங்கறாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, தாய்மார்களே. அலுவலகத்துக்கு ஓடினேன், பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது: 'பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி, ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின் செய்யப்பட்ட திருத்தம்.' எந்த ஆலோசனை? யாரோடு ஆலோசனை? மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்கு முன் பேனாவால் நான் இரண்டு கோடு கிழித்தேனே, அதுவா ஆழ்ந்த ஆலோசனை?

என்ன தம்பி, சுவரோரமாக ஒரு குரல்... செத்தவர் குடும்பத்தைக் கேட்டீர்களா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கேட்டேன். செத்தவரின் மனைவி, அந்த அம்மா, ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் அவரை மன்னிக்கலை சார். மன்னிக்கவும் மாட்டேன். ஆனா கோர்ட்டு குடுத்த தண்டனையைத்தான் நான் ஒத்துக்கிட்டேன். உங்க பேனா குடுத்ததை நான் கேக்கலை." பழைய வரியைத் திரும்பக் கேட்டு நான் எழுதிய மனுவின் கீழ் முதல் கையெழுத்து அவருடையது.

சிறை மருத்துவமனைக்கும் போனேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குற்றவாளியாக அந்த வெல்டரின் கட்டிலருகே நின்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டார்: "அப்போ என்னை வெளிய விடக்கூடாதுன்னு யாரும் உக்காந்து முடிவு பண்ணலையா சார்?" இல்லை என்றேன். "இத்தனை நாளா நான் அவ்வளவு கெட்டவன்னு நெனச்சுட்டேன்" என்றார். அழுதுவிட்டேன், அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

சட்டத்தை மீண்டும் திருத்தக் குழு அமைத்திருக்கிறார்கள். நாளை மாலை ஐந்து மணியோடு மனு வாங்குவது முடிகிறது. 'பிழை என்னுடையது, அரசின் நோக்கம் அதுவன்று' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, அந்த மனுவோடு இந்த மேசையில் வைத்திருக்கிறேன். வேண்டாத வம்பு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் ஒருவனின் சொல் போதாது, பக்கத்தில் உங்கள் பெயர்களும் வேண்டும்.

தெரியாமல் ஒருவருடைய வாசலை அடைத்தேன், அது என் பாவம். இன்று நம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அந்த வாசல் அடைத்தே கிடந்தால் அதற்கு எழுத்துப்பிழை என்று பெயர் சொல்ல முடியாது. நாம் உட்கார்ந்து முடிவு செய்தோம் என்றுதான் பொருள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. விடைபெறும் வணக்கத்தை, மேசைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பேனாவை நீட்டியபடி தனித்தனியே சொல்கிறேன். வாருங்கள்.