மூணு வழுக்கைக்கு நடுவுல ஒரு கொண்டை

— ஆணி நடுவுலதான் ஏறியிருக்கு ஐயா. பக்கவாட்டுல ஏறியிருந்தா டயர் போயிருக்கும். இது பிழைச்சிக்கும். உள்பக்கமா ஒரு ஒட்டு வச்சா போதும்.

— ஒட்டா? தம்பி ஃபிலிப்போ, உன் வீட்டுப் பாயில உட்கார்ந்து உன் கோகோவைக் குடிச்சிக்கிட்டிருக்கிறது யாருன்னு தெரியுமா?

— தெரியாம என்ன ஐயா. துவாலெமோங்கிற பேச்சாளர் பட்டத்துக்காரர். இந்த மாவட்டமே உங்க பேச்சைக் கேட்டிருக்கு.

— கேட்டிருக்கு. எழுந்து போக வழியில்லாம கேட்டிருக்கு.

— பெனினா, முறையா ஒரு பேச்சு நடக்கும்போது பெண்சாதி குறுக்கே வரக்கூடாது.

— குறுக்கே வரலைங்க, சீக்கிரம் முடிங்கன்னுதான் சொல்றேன். மாப்பிள்ளை வீட்டார் பன்னியையும் மீன் டப்பாவையும் லாரியில ஏத்திக்கிட்டு என் தம்பி லேவி வீட்டுக்கு வந்தாச்சு. அவன் பொண்ணு மாசினா காலையிலேர்ந்து தலையில பூவோட உட்கார்ந்திருக்கா. மாலைப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதறதுக்குள்ள வரவேற்புப் பேச்சு முடிஞ்சாகணும். நாம இன்னும் மலையே ஏறல. ஒட்டுப் போடச் சொல்லுங்க, போவோம்.

— சீக்கிரமாம். பேச்சுக் கோலை ஊன்றி நிற்கிறவன் காதுல விழக்கூடாத சொல் அது. கேள். ஒட்டுப்போட்ட டயரோட நான் அந்த முற்றத்துல போய் இறங்கினா, எதிர்த்தரப்புப் பேச்சாளன் முதல்ல டயரைப் பார்ப்பான். அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பான்.

— உள்பக்கம் வைக்கிற ஒட்டை அவன் எப்படிப் பார்ப்பான்? டயருக்குள்ள தலையை விடுவானா?

— எனக்குத் தெரியுமே. என் குரல்ல அது தெரியும்.

— சரி, அப்ப புதுசு போடச் சொல்லுங்க. தம்பி, புதுசு இருக்கா?

— இருக்கு அக்கா, நல்ல டயர். தப்பா எடுத்துக்காதீங்க, நாலையும் மாத்திட்டா இன்னும்...

— உன்னை நாலு கேட்டேனா? ஒண்ணு. சீக்கிரம் மாட்டு.

— பொறு தம்பி. கையை எடு. பெனினா, மத்த மூணு டயரைப் பார்த்தியா? தேய்ஞ்சு மழமழன்னு கிடக்கு. அதுங்களுக்கு நடுவுல பளபளன்னு ஒண்ணைச் சொருகினா எப்படி இருக்கும்? மூணு வழுக்கைக்கு நடுவுல ஒரு கொண்டை மாதிரி இருக்கும்.

— அப்ப ஒட்டுதானே?

— ஒட்டுன்னும் நான் சொல்லல.

— ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டெப்னி இருந்தா இப்போதைக்கு அதை மாட்டிட்டு...

— இருக்கு தம்பி. எங்க வீட்டு வாசல்ல பாதி மண்ணுக்குள்ள இருக்கு. மேல வெள்ளை பெயின்ட், நடுவுல செம்பருத்திச் செடி.

— ஊர் அழகுக்காக மகளிர் குழு கேட்டது. கொடுத்தேன்.

— மகளிர் குழு கேட்டது பழைய டயர். எல்லாரும் தேய்ஞ்சதைக் கொண்டுவந்து போட்டாங்க. இவரு எழுந்து, உதவாததைக் கொடுக்கிறது நம்ம முன்னோர் வழக்கமில்லைன்னு ஆரம்பிச்சாரு தம்பி. பேசிக்கிட்டே போய்க் கடைசியில உட்கார வழி தெரியாம ஸ்டெப்னியைத் தூக்கிக் கொடுத்துட்டாரு.

— அன்னைக்குக் கைத்தட்டல் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு.

— நீங்க உட்கார்ந்துட்டீங்கன்னு தட்டினாங்க.

— தம்பி, அது என்ன உஸ்ஸுனு சத்தம்? என் உத்தரவில்லாம அங்க என்ன நடக்குது?

— ஒண்ணுமில்ல ஐயா. காத்தடிச்சுப் பார்க்கிறேன். கசிவு எங்கேன்னு...

— அவன் பார்க்கட்டும், விடுங்க. நீங்க கார்ப் பக்கமே திரும்ப வேணாம். முடிவை மட்டும் சொல்லுங்க. சீக்கிரம்.

— முடிவை எப்படிச் சொல்றது? முறைன்னு ஒண்ணு இருக்கு. பட்டத்துக்காரங்க கூடினா முதல்ல என்ன செய்யறோம்? இன்னைக்கு யார் பேசறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் வாதாடறோம். அது தீர்ந்தாத்தான் பேச்சே. இங்க தம்பி டயர் தரப்பு, நான் கார் தரப்பு.

— நான் யாரு?

— நீ பயணி.

— நல்லாயிருக்கு. காரு என் அண்ணன் ஆக்லாந்திலேர்ந்து அனுப்பினது.

— தம்பி, நீ முதல்ல பேசறியா, எனக்கு விட்டுக்கொடுக்கிறியா?

— ஐயோ, விட்டுக்கொடுத்துட்டேன் ஐயா. எனக்குப் பேச என்ன இருக்கு?

— அப்படி உடனே விட்டுக்கொடுக்கக் கூடாது. கொஞ்சம் பிடிவாதம் காட்டணும். அதுதான் எதிராளிக்கு மரியாதை.

— அந்த மரியாதையை லேவி காட்டினானே, பார்த்தேன். மூத்த பொண்ணு கல்யாணப் பேச்சுல, அத்தான், என் பொண்ணு விஷயம், நானே ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்னு கெஞ்சினான். கொடுத்தீங்களா?

— எப்படிக் கொடுக்கிறது? பட்டத்துல நான் மூத்தவன். நான் ஒரு இடத்துல உட்கார்ந்திருந்தா அங்க வேற எவனும் வாய் திறக்க முடியாது. சட்டத்தை நானா எழுதினேன்? உங்க அப்பா கொடுத்த பட்டம்தானே?

— கொடுத்தாரு. ஒரு மணி நேரப் பேச்சையும் சேர்த்துக் கொடுப்பாருன்னு யாரு கண்டா? மாப்பிள்ளையோட பூட்டனைக் கொண்டுபோய் அவங்க ஜென்ம விரோதி குடும்பத்துல சேர்த்துப் பேசினீங்க. இறக்கின பன்னியைத் திரும்ப லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணு ஊர்ல முகம் காட்ட முடியாம நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போயிட்டா.

— வரலாறு சிலருக்குக் கசக்கும். இன்னைக்கு வந்திருக்கிறவங்க வம்சத்தையும் நான் விசாரிச்சு வச்சிருக்கேன். அதுல ஒரு சங்கதி இருக்கு பாரு, அதை எடுத்து முற்றத்துல போட்டேன்னா...

— போடலாம், போடலாம். முதல்ல போய்ச் சேரணும். வெயில் இறங்கிடுச்சு. ஒட்டா, புதுசா? சீக்கிரம், சீக்கிரம்.

— நீ இப்படி விரட்ட விரட்ட எனக்கு இன்னும் யோசிக்கணும்னு தோணுது. தம்பி, இன்னொரு கோப்பை கோகோ.

— இந்தாங்க ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க, டயர் விஷயமா நான் ஒண்ணு சொல்லணும்...

— தம்பி, நீ சும்மா இரு. ஐயா யோசிக்கிறாரு.

— கேட்டியா, உனக்கே இப்ப மரியாதை வந்துடுச்சு. ஆக, தம்பி, ஒட்டுங்கிறது என்ன? குறையை உள்ளே மறைக்கிறது. புதுசுங்கிறது என்ன? பழசை மறக்கிறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பட்டத்துக்காரன் எங்க நிற்கிறான்னு கேட்டா, நம்ம முன்னோர் முதல் முதலா இந்தக் கரையில படகை இழுத்தப்போ...

— ஐயா. சங்கு.

— என்ன?

— சங்கு ஊதிட்டாங்க. பாருங்க, இளவட்டங்க ரோட்டோரமா வந்து நின்னாச்சு. இனி பிரார்த்தனை முடியறவரைக்கும் எந்த வண்டியும் நகர விடமாட்டாங்க.

— அடடா. அப்ப அங்கயும் ஊதியிருக்குமே. வரவேற்புப் பேச்சு?

— போச்சு. நான் தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டீங்களா?

— எல்லாம் இந்த டயரால வந்தது. பரவாயில்ல. தம்பி, உன் வீட்டுப் பிரார்த்தனையை யார் நடத்தறது?

— எங்க அப்பாதான் ஐயா. ஆனா நீங்க இருக்கும்போது...

— நானே நடத்தறேன். சுருக்கமாத்தான். ஆதியாகமத்துலேர்ந்து தொடங்கறேன்.

— சீக்கிரம் முடிங்க.

— கடவுள்கிட்டயும் சீக்கிரமா? இன்னைக்குப் பார், நான் எப்படி நிறுத்தி நிதானமா ஜெபிக்கிறேன்னு.

— போங்க, போங்க. கார்லேர்ந்து பைபிளை எடுத்துக்கிட்டு வரேன்.

— அக்கா, மெதுவாச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவரு முதல் கோப்பை முடிக்கறதுக்குள்ளயே ஒட்டிக் காத்தடிச்சு மாட்டிட்டேன். சொல்ல வாயெடுத்தப்பல்லாம் நீங்க முறைச்சீங்க.

— தெரியும், இரு, ஒரு போன் பண்ணிக்கிறேன். ஹலோ, லேவி? நான்தான். பேசிட்டியா? ரெண்டே வார்த்தையா? பன்னியை இறக்கிட்டாங்களா? திரும்ப ஏத்தலையே? மாசினாகிட்ட கொடு. ஏண்டி அழறே, எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே. பூ வாடறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்து வை. மாமா சாப்பாட்டுக்குத்தான் வருவாரு.

— அக்கா, அப்ப அந்த சீக்கிரம், சீக்கிரம்னு கத்தினதெல்லாம்?

— கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கிறேன் தம்பி. அந்த ஒரு சொல்லைச் சொன்னாத்தான் மனுஷன் எழுந்திருக்காம உட்கார்ந்திருப்பாரு.