டாட்டரல்னா என்ன மச்சான்?

இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க மச்சான். காலேஜ்ல இங்கிலீஷ் பாடம் எடுக்கறப்போ ஒரு மணி நேரம் மூடாத வாயி, என் நாற்காலில வந்து படுத்ததும் வெக்கப்படுதே! ஆங், அப்படித்தான். பேசாதீங்க, உள்ள கண்ணாடி இருக்கு. எச்சில இந்தக் குழாய் பாத்துக்கும்.

எந்தப் பல்லு வலின்னு சொன்னீங்க? கீழ, இடது பக்கமா? உள்ள வர்றப்போ வலது கன்னத்தையில்ல பிடிச்சுட்டு வந்தீங்க. சரி சரி, வலின்னா நாலு இடம் போய்வரும்தான். மொதல்ல இந்தக் காப்பிக் கறைய எடுத்துடறேன். தண்ணி பீச்சும், பயப்படாதீங்க.

சும்மா படுத்திருக்கீங்களேன்னு கேக்கறேன், டாட்டரல்னா என்ன மச்சான்? புருவத்தத் தூக்காதீங்க, எனக்கு நீங்க வச்ச பேருதான். உங்க பையன் பட்டம் வாங்கினதுக்கு விருந்து வச்சீங்களே, அன்னிக்கு. உங்க தங்கச்சி எங்கன்னு யாரோ கேட்டாங்க. போயிருக்கற ஊர்ல வேலை இன்னும் முடியல, அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வந்துடுவான்னு சொன்னேன். உடனே நீங்க கிளாஸத் தூக்கிப் பிடிச்சு, நம்ம மாப்பிள்ளை ஒரு டாட்டரல்னீங்க. மேசையே சிரிச்சுது. யாருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா புரொபசர் சொன்னா சிரிச்சுதானே ஆகணும். நானும் சிரிச்சேன். ஏதோ நல்ல மனுஷன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்.

கார்ல வர்றப்போ பாப்பா போன்ல தேடிப் பாத்தா. அப்போ அவ சின்னப் பொண்ணு. என்னம்மா போட்டிருக்குன்னேன். ஒரு பறவைப்பான்னா. அவ்வளவுதான். வீடு வர்ற வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு வந்தா.

நாக்க உள்ள இழுங்க. கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது.

அப்புறம் நானே பெரிய அகராதியாப் பாத்துப் புரட்டினேன். குளிர் தேசத்துல மலை மேல இருக்கற சின்னப் பறவையாம். ஆளு கிட்டப் போனாலும் பறக்காதாம். வேட்டைக்காரன் கைய நீட்டினா இதுவும் றெக்கைய நீட்டும், அவன் காலத் தூக்கினா இதுவும் தூக்கும்னு அந்தக் காலத்துல நம்பியிருக்காங்க. அப்படியே வேடிக்க பாத்துட்டு நின்னு வலைல மாட்டிக்குமாம். அதனால, யாரு என்ன சொன்னாலும் நம்பற முட்டாளுக்கும் அதே பேரு. பழைய வழக்குன்னு ஓரமா போட்டிருந்துச்சு. இங்கிலீஷ்காரனே கைகழுவின வசவத் தூசி தட்டி எடுத்து எனக்குன்னு கொண்டாந்தீங்களே, அந்தப் பாசம் யாருக்கு வரும்!

அப்பதான் எனக்கு உறைச்சுது. உங்க தங்கச்சி வேற ஒருத்தரோட இருக்கா, வரமாட்டான்னு அந்த மேசைல என் ஒருத்தனுக்குத்தான் தெரியல. கூடப்பொறந்த அண்ணன் நீங்க, என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத விட்டுட்டுப் பறவையத் தூது விட்டீங்க. எரிஞ்சுது மச்சான், ரொம்ப நாளு எரிஞ்சுது.

கண்ண மூடாதீங்க, இன்னும் இருக்கு. நீங்க அகராதியோட நின்னுட்டீங்க போல. நான் பறவைப் புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். அந்த இனத்துல பொட்டைதான் பளிச்சுனு இருக்கும். முட்டைய இட்டுட்டு அது பாட்டுக்குக் கிளம்பிடும், சிலது வேற ஆணோட சேந்துக்கும். அடைகாக்கறது, குஞ்சப் பாத்துக்கறது எல்லாம் பெரும்பாலும் ஆண்தான். இது தெரிஞ்சு பேரு வச்சீங்களா, தெரியாம வச்சீங்களா? தலையாட்டாதீங்க. தெரியலன்னா நீங்க அரைகுறை. தெரிஞ்சே வச்சிருந்தா அது வசவு இல்ல, மரியாதை. நீங்க அவ்வளவு நல்லவரும் இல்ல. கொப்பளிச்சுத் துப்புங்க.

உங்க பல்லு ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருக்கு. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாசல்ல பாத்தப்பவே தெரியும், தங்கச்சி அனுப்பி வந்திருக்கீங்கன்னு. பாப்பாவத் தன்கிட்ட அனுப்பச் சொல்றா, அதானே? தொண்டையக் கனைக்க வேணாம். அவ பாப்பாகிட்டயே கேட்டுட்டா. நேத்து சாப்பிடறப்போ பாப்பாவே சொன்னா, அங்க போய்ப் படிக்கறேம்பா, முடிச்சுட்டுக் கண்டிப்பா வந்துடுவேன்னு. சரின்னுட்டேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நம்பிட்டேன். பேரு வச்சவர் நீங்கதானே.

இந்த டப்பாவ உங்க தங்கச்சிகிட்ட குடுங்க. பாப்பா தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிப்பா. உங்க விருந்துக்கு அப்புறம் ஆரம்பிச்சது. ராத்திரி உள்ள இருக்கற பல்லு உறைய மாட்டிட்டுத்தான் படுக்கணும். மறந்துடுவா, பக்கத்துல நின்னு மாட்ட வைக்கணும். அவ வாய்க்கு அளவெடுத்து நானே செஞ்சது. ரெண்டு செஞ்சேன். இன்னொண்ணு இங்க அவ கட்டில் பக்கத்துலயே இருக்கும். வர்றப்போ வேணும்ல.

எந்திரிங்க மச்சான். இப்போ வாய மூடிக்கலாம்.